எதைப் பூசுவது என்று கேட்குமுன்



இன்று மாலை எடுத்துக்கொண்ட பொருள் பெண்களின் முடி உதிர்வு. அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதுதான் பேச்சு. இதற்கெல்லாம் ஒரு மண்டபமும் ஒலிபெருக்கியும் வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். வேண்டும். இந்த மட்டக்களப்புக் கரையோரத்தில் பெண்ணின் கூந்தல் ஒருநாளும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கிறது. தலைவிரி கோலத்தோடு பாண்டியன் சபைக்குப் போனவளைக் குளிர்விக்க ஊர் கூடுகிறது. இதே கல்முனை வீதியால் தெற்கே போனால் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன். அவிழ்ந்த கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் செய்தவளுக்காக அங்கே தீ மிதிக்கிறார்கள். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்று மதுரையில் சிவபெருமானோடு நக்கீரர் வாதாடியதாகத் திருவிளையாடற் கதை. கூந்தலின் மணத்துக்கு ஆயிரம் பொன் பரிசு வைத்த அந்தச் சபையில், அது கொட்டினால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி பெண்களிடமே விடப்பட்டது. பெண்கள் அதை எண்ணெய்ப் போத்தலிடம் கேட்டார்கள்.

"என்னகா மகள், தலையெல்லாம் கொட்டிப் பெய்த்து! என்னத்தப் பூசுறாய்?" முடி மெலிந்த பெண்ணொருத்தி கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் முதலில் சந்திக்கும் கேள்வி இதுதான். கேட்பவருக்கு அன்பு இல்லாமலில்லை. கேட்ட கையோடு மருந்தும் சொல்லிவிடுவார். செவ்வரத்தம் பூவைக் காய்ச்சி வை என்பார் ஒருவர். கரிசலாங்கண்ணித் தைலம் என்பார் அடுத்தவர். வெந்தயம், நெல்லி, கறிவேப்பிலை எல்லாம் வரிசையில் வரும். பிள்ளைகள் டிக்டொக்கில் பார்த்த சீரம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுப்பார்கள். கொஞ்சக் காலத்தில் அலுமாரி நிறையப் போத்தல் சேர்ந்துவிடும். தலையில் மட்டும் ஒன்றும் சேராது.

எதைப் பூசுவது என்பது இரண்டாவது கேள்வி, சகோதரிமாரே. முதற் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. அதற்குத் துணையாக இன்னும் இரண்டு உண்டு. தலையில் எந்த இடத்தில் உதிர்கிறது? உதிர்ந்த இடத்துத் தோல் எப்படி இருக்கிறது? மட்டக்களப்பானாலும் லண்டனானாலும் தோல் வைத்திய நிபுணர் முதலில் கேட்பதும் பார்ப்பதும் இவற்றைத்தான். இரத்தப் பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது என்ற கேள்விக்கு நம் கிழவிமார் ஏற்கெனவே பாதி விடை வைத்திருக்கிறார்கள். "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்" என்று சொல்வார்களே, கேட்டிருக்கிறீர்கள்தானே? படித்த பிள்ளைகள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பிள்ளை தாயின் முகம் பார்த்துச் சிரிப்பது பிறந்து ஆறு, எட்டு வாரங்களில். பிரசவத்துக்குப் பின் முடி கொட்டத் தொடங்குவது இரண்டாம், மூன்றாம், நாலாம் மாதங்களில். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. கிழவிமாரின் கணக்குச் சரி. அவர்கள் பிடித்த குற்றவாளி மட்டும் பிழை. பாவம், பிள்ளை சிரித்தது, அவ்வளவுதான். உண்மையான காரணம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அது என்ன காரணம்? தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளரும், மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நிற்கும். பிறகு மூன்று மாதம் அளவில் ஓய்வு. ஓய்வு முடியும்போது பழைய முடி கழன்று விழ, அதே இடத்தில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது நோயல்ல, சுகதேகியின் கணக்கு. இரண்டு மூன்று நாள் தலை முழுகாமலிருந்து முழுகினால் அத்தனை நாள் கணக்கும் ஒன்றாகக் கையில் வரும். அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது.

இங்கே வயல் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். வயல் ஒரே நாளில் விதைத்து ஒரே போகத்தில் அறுவடையாகும். தலை அப்படியல்ல. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள்கூட வேறுவேறு நாட்களில் விதைத்தவை. ஒன்று வளரும்போது மற்றது ஓயும். அதனால்தான் நமக்கு விலங்குகள்போல் பருவத்துக்கு ஒருமுறை முடி முழுவதும் உதிர்வதில்லை. ஆனால் உடலுக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அப்போது தலை வயலாகிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து எல்லாம் ஒன்றாக விழுகின்றன.

இந்தச் சூத்திரத்தை 1961இல் தெளிவாக எழுதி, அதற்கு ரீலோஜன் எபுளூவியம் என்று பெயர் வைத்தவர் அல்பேர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர். காய்ச்சலோ, பிரசவமோ, சத்திரசிகிச்சையோ, பட்டினியோ, அடி எதுவாக இருந்தாலும் மயிர்க்கால் ஒரே மாதிரித்தான் பதில் சொல்கிறது என்று கண்டவர். இதே மனிதர் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் கைதிகளின் உடம்பில் பல்லாண்டு சோதனைகள் நடத்தியவரும் ஆவார். அந்தக் கறை அவர் பெயரை விட்டுப் போகவில்லை, போகவும் கூடாது. ஆனாலும் மூன்று மாதக் கணக்கு மூன்று மாதக் கணக்குத்தான்.

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரஜன் ஓமோன் கூடிநிற்பதால் முடி விழாமல் தங்குகிறது. பிள்ளை வயிற்றிலிருக்கும்போது கூந்தல் அடர்ந்து தெரிவது அதனால்தான். பிள்ளை பிறந்ததும் ஓமோன் சடுதியாக இறங்குகிறது. தங்கியிருந்ததெல்லாம் ஓய்வுக்குப் போய், மூன்று மாதத்தில் ஒன்றாக உதிர்கிறது. பெரும்பாலான தாய்மாருக்குப் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குள் பழையபடி வந்துவிடும். பால் கொடுப்பதால்தான் கொட்டுகிறது என்று பாலை நிறுத்தத் தேவையில்லை. முடியைக் காக்கும் மருந்தென்று எதையாவது வாங்கிப் பாலூட்டும் நாளில் பூசவும் தேவையில்லை.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஆரையம்பதிக்கு மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே மணல். மாரி மழை கார்த்திகை, மார்கழியில் பெய்கிறது. மழையின் பின்னால் நுளம்பு, நுளம்பின் பின்னால் காய்ச்சல். 2006ஆம் ஆண்டின் இறுதியில், சுமார் 40 ஆண்டு இடைவெளிக்குப் பின், சிக்குன்குன்யா இலங்கைக்குத் திரும்பியபோது முதலில் அடிவாங்கிய இடங்களில் மட்டக்களப்பும் கல்முனையும் இருந்தன. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு என்று பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படியொரு காய்ச்சல் மார்கழியில் ஒரு பெண்ணைப் படுக்கையில் போட்டதென்று வைத்துக்கொள்வோம். தையில் எழும்பி நடக்கிறாள். பங்குனியில் முடி கொட்டத் தொடங்குகிறது. காய்ச்சலை அவள் மறந்தே போய்விட்டாள். பங்குனியில் ஊரில் வேறென்ன நடக்கிறது? வெயில் ஏறுகிறது. கிணறு இறங்குகிறது. தண்ணீர் உவர்க்கிறது. தீர்ப்பும் வந்துவிடுகிறது: "எல்லாம் இந்த உப்புத் தண்ணியாலதான்!"

கிணற்றின்மேல் வழக்குப் போடுமுன் ஒரு கேள்வி. அதே கிணற்றில் மாமியும் குளிக்கிறார், மச்சாளும் குளிக்கிறார், பள்ளிக்கூடம் போகிற மகளும் குளிக்கிறாள். ஒருத்திக்கு மட்டும் ஏன் கொட்டுகிறது? உப்பும் கடினமும் கூடிய தண்ணீர் முடியின் வெளித்தண்டைச் சொரசொரப்பாக்கலாம், சிக்கெடுக்க விடாமல் செய்யலாம், சீவும்போது நடுவில் முறியவும் செய்யலாம். தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலை அது தொடுவதில்லை. ஆகவே விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால் அது உள்ளிருந்து கழன்றது. குமிழ் இல்லாமல் கட்டையாக இருந்தால் முறிந்தது. அந்த வெள்ளைக் குமிழைக் கண்டுதான் "ஐயோ, வேரோடு வந்திட்டுதே" என்று பலர் அழுகிறார்கள். அது வேரல்ல. ஓய்வு முடிந்த முடியின் அடிமுனை. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்ததை முளைக்கவிட ஆயத்தமாக.

இந்த வகை உதிர்வுக்கு என்ன மருந்து? பெரும்பாலும் ஒன்றுமில்லை. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இந்தப் பேச்சில் மிக நல்ல செய்தி அதுதான். நோய் மாறி, சாப்பாடு திரும்பினால் ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாக அடங்குகிறது. அந்த ஆறு மாதத்தின் கடைசியில் எந்த எண்ணெயைப் பூசியிருந்தாலும் அந்த எண்ணெய்க்குப் பெயர் வந்துவிடும். ஊரில் பாதித் தைலங்களின் புகழ் இப்படிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை என்றால்? அப்போது உடலுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரத்தம் எடுத்துப் பார்க்கும் நேரம் அது. முதலில் இரும்புச்சத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இலங்கையில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் மூவரில் ஒருவருக்குக் குருதிச்சோகை. இதற்கு மீனில்லாத ஊர் என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது. வாவியில் இறாலும் நண்டும், கடலில் கீரியும் சூடையும், வேலியில் முருங்கையும் இருக்கின்றன. கோளாறு சட்டியில் அல்ல, பந்தியில். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குழம்பும் சோறும் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவர் யார்? சாப்பிட்டுக் கைகழுவிய உடனே ஒரு தேத்தண்ணி குடிக்கிறவர் யார்? தேயிலைச் சாயம் மரக்கறியிலுள்ள இரும்பைக் குடலுக்குள் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் அதே கதிதான். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் தள்ளிவையுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும்.

இன்னொன்று. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று றிப்போட் வந்தாலும் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது பெரிற்றின் என்ற பரிசோதனை. சேமிப்புக் குறைவு முடியை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனால் குறைந்திருந்தால் நிரப்பவேண்டும் என்பதில் இல்லை. அதோடு ஏன் குறைந்தது என்றும் தேட வேண்டும். மாதவிடாய் எட்டு நாள், பத்து நாள் போவதைப் "பெண்ணென்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். அது அப்படித்தான் அல்ல. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவதும் சரியல்ல. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் காவிகளுக்கும் இரத்தம் குறைவாகத்தான் காட்டும். அவர்களுக்கு இரும்பு தீர்வாகாது.

இரண்டாவது தைரொயிட். களைப்பு, உடல் பருத்தல், மலச்சிக்கல், குரல் கரகரத்தல், தோல் வரட்சி, இவற்றோடு முடியும் கொட்டினால் தைரொயிட்டைப் பார்க்கவேண்டும். உப்புக்கு அயடின் சேர்ப்பது இலங்கையில் 1995 முதல் கட்டாயம். அதனால் கழலை குறைந்தது. ஆனால் உடலின் காவற்படையே தைரொயிட்டைத் தாக்கும் வகை அயடினால் நிற்பதில்லை, பெண்களைத்தான் அது அதிகம் தேடுகிறது.

இங்கேதான் ஒரு விசித்திரம். முடி கொட்டுகிறது என்று பார்மசியில் முதலில் வாங்கும் மாத்திரை எது? பயோட்டின். நகத்துக்கும் முடிக்கும் நல்லது என்று பெட்டியில் எழுதியிருக்கும். சாதாரணமாகச் சாப்பிடுகிற ஒருவருக்குப் பயோட்டின் குறைபாடு வருவதே அரிது. அதுகூடப் பரவாயில்லை, காசுதான் போகும் என்று விடலாம். ஆனால் கூடிய அளவு பயோட்டின் உடலில் இருக்கும்போது பல ஆய்வுகூடங்களின் இரத்தப் பரிசோதனைகள் பிழையான விடை தருகின்றன. தைரொயிட் பரிசோதனை அதிலொன்று. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் றொபொனின் பரிசோதனை இன்னொன்று. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப்பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. பயோட்டினால் றொபொனின் பிழையாகக் குறைந்து காட்டி ஒரு நோயாளி இறந்ததையும் குறிப்பிட்டது. காரணத்தைத் தேடும் பரிசோதனையையே அதற்கென்று வாங்கிய மருந்து கெடுத்துவிடுகிறது! இரத்தம் கொடுக்குமுன் இந்த மாத்திரை எடுப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்று அவர் சொல்வார்.

எப்போது என்ற கேள்விக்கு நெடுநேரம் கொடுத்தாயிற்று. அடுத்தது, எங்கே?

தலை முழுவதும் பரவலாக மெலிந்தால் இதுவரை சொன்ன கதை. வகிடு மட்டும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அகன்று, முன்நெற்றி வரிசை அப்படியே இருந்தால் அது வேறு கதை. ஆண்களைப்போல் பெண்களுக்கு நெற்றி ஏறுவது குறைவு. உச்சி மெலிகிறது, கரை நிற்கிறது. ஜேர்மன் வைத்தியர் எரிக் லூட்விக் இதை 1977இல் மூன்று படிகளாகப் பிரித்து வரைந்தார். உலகெங்கும் இன்றும் அந்தப் படங்களை வைத்து அளக்கிறார்கள். இதில் முடி விழுவதைவிட மெலிவதுதான் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் முன்னையதைவிட மெல்லிய, குட்டையான முடி முளைக்கிறது. சீப்பில் கொத்தாக எதுவும் வராது. வீட்டிலுள்ள பழைய கலியாணப் படத்தையும் இன்றைய வகிட்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

பரம்பரை இதில் பெரிய பங்கு. பெரும்பாலான பெண்களுக்கு ஓமோன் பரிசோதனை சரியாகத்தான் இருக்கும். ஆனால் மாதவிடாய் தவறித்தவறி வருகிறது, நாடியிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறது, முகப்பரு அடங்கவில்லை என்றால் பீ.சீ.ஓ.எஸ். என்ற சூலகக் கோளாற்றைத் தேடவேண்டும். இது பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று சொல்வோருக்கு ஒரு கணக்கு. கம்பஹா மாவட்டத்தில் வீடுவீடாகப் போய்ச் செய்து 2008இல் வெளியான ஆய்வில் 15 முதல் 39 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு அது இருந்தது. முடி உதிர்வு அதன் ஓர் அடையாளம் மட்டுமே. பின்னால் நீரிழிவும் வரக் காத்திருக்கிறது. இப்படியொரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல், "கலியாணம் பேசும் நேரத்தில் வெளியே தெரியக்கூடாது" என்று தலையில் தைலம் தேய்த்து வீட்டுக்குள் வைத்திருப்பது எந்தவகை அன்பு?

வகிடு அகலும் வகைக்குத்தான் பூச ஒரு மருந்து உண்மையாகவே இருக்கிறது. பெயர் மினொக்சிடில். இது முடிக்கென்று பிறந்த மருந்தல்ல. அமெரிக்காவின் அப்ஜோன் கம்பனி உயர் இரத்த அழுத்தத்துக்கென்று செய்த மாத்திரை. அதை விழுங்கியவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி முளைத்தது. நோயாளிகள் முறைப்பாடு செய்தார்கள். கொலராடோவில் குந்தர் கான், போல் கிராண்ட் என்ற இரு வைத்தியர்கள் அந்த முறைப்பாட்டை மாற்றி யோசித்து, கரைசலாக்கித் தோலில் பூசிப் பார்த்தார்கள். 1988இல் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது. பெண்களுக்கு 1991இல். வரிசையில் பெண்கள் பின்னால் நிற்பது மருந்திலும் நடந்திருக்கிறது.

மினொக்சிடில் பூசத் தொடங்கிய முதற் சில வாரங்களில் உதிர்வு கூடும். பழையது கழன்று புதியதற்கு வழிவிடுகிறது. இது தெரியாமல் பயந்து போத்தலை எறிந்தவர்கள் ஏராளம். நாலு முதல் ஆறு மாதம் பூசிய பின்னரே பலன் தெரியும். நிறுத்தினால் கிடைத்ததும் சில மாதங்களில் போய்விடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆகாது. அண்மை ஆண்டுகளில் இதையே மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. அது வைத்தியர் கண்காணிப்பில் மட்டும்.

நெற்றியோரமும் காதோரமும் மட்டும் வெளிக்கிறதா? பள்ளிக்கூடப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. இழுத்துப் பின்னி, ரிபன் கட்டி, இரட்டைச் சடையோடு வாரத்தில் ஐந்து நாள் போகிறீர்கள். நடன அரங்கேற்றமென்றால் சவுரி வேறு. 1907இல் கிறீன்லாந்துப் பெண்கள் உச்சியில் இறுக்கிக் கட்டிய கொண்டையால் பக்கவாட்டில் முடி இழப்பதை ட்ரெபிட்ஷ் என்பவர் எழுதிவைத்தார். பனிநாட்டிலும் மணல்நாட்டிலும் இழுத்தால் இதுதான் நடக்கிறது. தொடக்கத்தில் கட்டைத் தளர்த்தினால் போதும், வளர்ந்துவிடும். பல ஆண்டு இழுத்துத் தழும்பாகிவிட்டால் வளராது. அம்மாமாரே, பின்னும்போது பிள்ளை "நோகுது" என்றால் அது சாட்டு அல்ல.

வட்டமாக, காசளவில், வழவழவென்று ஒரு வெற்றிடம் விழுந்தால்? அதைப் புழுவெட்டு என்கிறோம். இரவில் ஏதோ பூச்சி தின்றுவிட்டதாகப் பாட்டிமார் சொல்வார்கள். சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்க்கவும் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வெங்காயத்தைப் பக்தாத் வைத்தியர்கள் உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். 2002இல் வெளியான ஆய்வு. வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. வெறும் தண்ணீர் பூசிய 15 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. ஆஹா, பாட்டி வென்றார் என்று கைதட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஆட்கள் மிகக் குறைவு, பலர் இடையில் விலகிப்போனார்கள். வெங்காயத்தின் மணம் இருப்பதால் யாருக்கு எது பூசப்பட்டது என்று மறைக்கவும் முடியாது. சிறிய புழுவெட்டு பலருக்குத் தானாகவே மறைவதும் உண்டு. மறுக்கவும் வேண்டாம், கோயில் கட்டவும் வேண்டாம். ஒன்று மட்டும் நிச்சயம்: இந்த முடிவு புழுவெட்டுக்கு உரியது. பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடிக்கோ அகலும் வகிட்டுக்கோ அதைக் காட்டி வெங்காய எண்ணெய் விற்பது வியாபாரம்.

புழுவெட்டில் பூச்சி எதுவுமில்லை. உடலின் காவற்படை மயிர்க்காலைப் பகையென்று தவறாகக் கண்டு தாக்குகிறது. இதை மரபணு வரை துருவிக் காட்டியவர்களில் முன்னிற்பவர் ஒரு பெண், தானும் அதே நோய்க்கு ஆளானவர். அஞ்சலா கிறிஸ்ரியானோ. 1990களில் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானியாகத் தொழில் தொடங்கிய நாட்களில் அவர் தலையிலேயே வெற்றிடங்கள் விழுந்தன. அவர் போத்தலைத் தேடவில்லை, ஆய்வுப் பொருளையே மாற்றிக்கொண்டார். பாகிஸ்தானில் பரம்பரையாக முடியற்ற ஒரு குடும்பத்தை ஆராய்ந்து 1998இல் ஒரு மரபணுவைக் கண்டார். 2010இல் புழுவெட்டுக்காரர் 1,054 பேரின் மரபணுக்களை நோயற்ற 3,278 பேருடையவற்றோடு அவர் குழு ஒப்பிட்டது. வந்த விடை எல்லோரையும் திடுக்கிட வைத்தது. இந்த நோயின் மரபணு உறவினர் சொறியோ சிரங்கோ அல்ல, மூட்டுவாதமும் முதலாம் வகை நீரிழிவும்.

அந்த உறவு தெரிந்ததால் மருந்தும் தெரிந்தது. மூட்டுவாதத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவந்த பரிசிற்றினிப் என்ற மாத்திரையைக் கடுமையான புழுவெட்டுக்காரருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்திருந்தவர்களில், கூடிய அளவு எடுத்த நூற்றுக்கு 35 பேருக்கு மேல் 36 வாரத்தில் தலையின் ஐந்தில் நான்கு பங்காவது மூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேருக்குத்தான். 2022 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, அந்த நோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மாத்திரை. விலை அதிகம், தொற்றுநோய் அபாயம் உண்டு, நிறுத்தினால் நோய் திரும்பலாம். ஒன்றிரண்டு காசளவு வெற்றிடத்துக்கு அது தேவையே இல்லை. அந்த இடத்திலேயே தோல் வைத்தியர் போடும் ஸ்ரீரொயிட் ஊசி பலருக்குப் போதுமானது.

மூன்றாவது கேள்வி, தோல். இதை நீட்டத் தேவையில்லை, ஆனால் அவசரம் இதில்தான். உதிர்ந்த இடத்தில் மயிர்க்காலின் துளைகளே தெரியாமல் தோல் மினுங்கினால், எரிந்தால், சிவந்தால், செதில் எழும்பினால் அது தழும்பாக்கும் வகை. மயிர்க்காலே அழிகிறது. அங்கே ஆறு மாதம் பொறுத்திருக்கக்கூடாது, ஆறு நாளும் கூடாது. புருவம் உதிர்வதையும் கண்ணாடியில் கவனியுங்கள். தைரொயிட்டில் அப்படி உதிரும், மாதவிடாய் நின்றபின் நெற்றிமுடி வரிசை பின்வாங்கும் ஒருவகை நோயிலும் உதிரும், தொழுநோயிலும் உதிரும். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையை அறிந்த நமக்கு அந்தச் சொல் புதிதல்ல. அது பழங்கதையும் அல்ல. இந்த மாவட்டத்தில் இன்றும் புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து இலவசம், நேரத்தோடு எடுத்தால் முழுமையாக மாறும்.

இவ்வளவும் கேட்டபின் தேங்காயெண்ணெயை வெறுத்துவிடாதீர்கள். அதற்கும் நீதி செய்யவேண்டும். 2003இல் மும்பையைச் சேர்ந்த ஆர்த்தி ரெலே, மோகிலே என்ற இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிக் கழுவிச் சோதித்தார்கள். முடியின் புரதம் கழுவுப்படாமல் காத்தது தேங்காயெண்ணெய் மட்டும். அதன் மூலக்கூறு சிறியதும் நேரானதும் ஆகையால் முடித்தண்டுக்குள்ளே புகுகிறது. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பனியின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் முடிவு நம்பத்தக்கது, அம்மம்மாமாரின் கைப்பழக்கத்தோடும் பொருந்துகிறது. ஆக, எண்ணெய் வளர்ந்த முடியை முறியாமல் காக்கும். முளைக்க வைக்காது. அதனிடம் அதன் வேலையை மட்டும் கேட்டால் அது ஏமாற்றாது.

போவது எங்கே என்று கேட்பீர்கள். முதலில் இங்கேயே, ஆரையம்பதி அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் உங்கள் மிட்வைவிடமே தொடங்கலாம். தேவையென்றால் அவர்கள் துண்டு தந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். காசு எதுவும் இல்லை, வரிசை மட்டும் நீளம். வரிசையில் நிற்கும்போது ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உதிர்வு தொடங்கிய மாதம் எது, அதற்கு மூன்று மாதம் முன்னால் காய்ச்சலா, பிரசவமா, கருக்கலைவா, சத்திரசிகிச்சையா, வெளிநாட்டுப் பயணமா, வீட்டில் மரணமா, மெலிவதற்கென்று சோற்றை நிறுத்தியதா, கருத்தடை மாத்திரையைத் தொடங்கியதா நிறுத்தியதா. தினமும் எடுக்கும் மருந்துகளின் மட்டைகளையும் கொண்டுபோங்கள், வலிப்புக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் கொடுக்கும் சில மருந்துகளாலும் முடி கொட்டும். வைத்தியர் ஐம்பது அறுபது முடியை விரலிடையில் பிடித்து மெல்ல இழுத்து, எத்தனை கழன்று வருகிறதென்று எண்ணிப் பார்ப்பார். முதல்நாளே முழுகிச் சீவி, இருந்ததையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போனால் அந்தக் கணக்குப் பிழைக்கலாம். முதல்நாளும் அன்றைக்கும் தலை முழுகாமல், எண்ணெயும் வைக்காமல் போங்கள்.

கேள்விகளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழும்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டில் எழுதி அனுப்பலாம், பெயர் போடத் தேவையில்லை.